செவுத்த தொடாம போட்ட மார்க்கு

நகராண்மைக் கழகத் தலைவருக்கும், பழைய கட்டட ஆய்வுக் குழுவுல இருக்கிறவங்களுக்கும், அந்த அறிக்கைய தயார் பண்ணிக் குடுத்த எஞ்சினியர்மாருக்கும்,

நீங்க போன மாசம் ஆபிஸ் வாசல்ல ஒட்டின நோட்டீஸ படிச்சிட்டுத்தான் இத எழுதுறேன். டவுன்ல இருக்கிற பழைய செங்கல் செவுருங்கள புள்ளியியல் முறையில ஆராய்ஞ்சு ஏ, பி, சின்னு மூணு வகையா பிரிச்சிட்டோம், சி வகையில விழுந்தது மரபுக் கட்டடமா வச்சிக்க தகுதியில்ல, அத எடுத்துட்டு அந்த எடத்துல கார் பார்க்கிங் வரும், ஆட்சேபம் இருந்தா முப்பது நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு போட்டிருக்கீங்க. மலாய்ல எழுதி கவுண்டர்ல குடுத்து சாப்பு (ஆபிஸ் முத்திரை) வாங்கிட்டேன். அப்புறம் தமிழ்ல எதுக்குன்னா, குழுவுல ரெண்டு பேரு நம்ம ஆளுங்க, அவங்களும் படிக்கட்டும், ஊர்ல இருக்கிறவங்களும் படிக்கட்டும். ஊர் பேரு, கழகத்து பேரு எதையும் நான் எழுதல, யாருக்கு எழுதுறேன்னு உங்களுக்கே தெரியும்.

சி வகையில போட்டதுல ரெண்ட பத்தித்தான் என் பேச்சு. ஒன்னு மாரியம்மன் கோயில் பின்பக்கத்து மதில். இன்னொன்னு தோட்டத்து ஸ்டோருக்கு பக்கத்துல நிக்கிற புகைவீடு, ரப்பர் ஷீட்ட தொங்க விட்டு நாலஞ்சு நாளு புகையில காய வச்ச எடம். ரெண்டும் ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியே கட்டினது, ரெண்டையும் கட்டினது ஒரே கொத்தனாருங்க கூட்டம், அதுல எங்க தாத்தாவும் ஒருத்தர். எங்கப்பாவும் கொத்து வேலதான். நான் முப்பத்தோரு வருசம் இடைநிலைப் பள்ளியில கணக்கு சொல்லிக் குடுத்தேன், ஆறாம் படிவத்துக்கு புள்ளியியலும் நான்தான் எடுத்தேன். அதனால செவுரும் கொஞ்சம் தெரியும், சராசரியும் கொஞ்சம் தெரியும். "அம்மா உணர்ச்சிவசப்பட்டு பேசுறீங்க"ன்னு உங்க ஆபிஸ்ல ஒரு தம்பி சொன்னாரு, அவருக்காகத்தான் இந்த விவரம்.

மொதல்ல ஒன்ன தெளிவா சொல்லிடுறேன். செவுத்த எண்ணால வகைப்படுத்துறது தப்புன்னு நான் சொல்லல. அது நல்ல முறை. இத்தாலியில பெருஜியா பல்கலைக்கழகத்துல போரி, கொர்ராடி, அவங்களோட சேர்ந்த ஆளுங்க உருவாக்கின முறை, 2015-ல ஆய்விதழ்ல விரிவா எழுதினாங்க, நீங்களும் அறிக்கையில அதத்தான் அடிப்படைன்னு காட்டியிருக்கீங்க. பழைய செவுத்துல ஏழு விசயத்த பாக்கணும்: கல்லோட தரம், கல்லு சைஸு, கல்லோட வடிவம், செவுத்தோட முன் அடுக்கையும் பின் அடுக்கையும் குறுக்குக்கல்லு போட்டு கட்டியிருக்கா, வரி மட்டமா போவுதா, மேல் வரி சந்தும் கீழ் வரி சந்தும் ஒன்னுமேல ஒன்னு நேரா நிக்காம தள்ளி நிக்குதா, சாந்து எப்படி. ஒவ்வொன்னுக்கும் இருக்கு, பாதி இருக்கு, இல்லன்னு மூணுல ஒன்னு. அதுக்கு மார்க்கு போட்டு, கல்லோட தரத்த விட்டுட்டு மத்த ஆறையும் கூட்டி, வர்றத கல்லோட தரத்தால பெருக்கினா பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு எண்ணு வரும். அத வச்சி ஏ பி சி. எங்கப்பா இந்த ஏழையும் ஒரு வெத்தல போட்டு மெல்லுற நேரத்துல பாத்து முடிச்சிடுவாரு, ஆனா அவருக்கு அத எழுதத் தெரியாது. எழுதி, எண்ணாக்கி, ஒரு ஊர் செவுத்த இன்னொரு ஊர் செவுத்தோட ஒப்பிடுற மாதிரி பண்ணாங்க பாருங்க, அத நான் மதிக்கிறேன்.

ஆனா அந்த ஏழுல எத்தன வெளிப்பூச்சு மேலேருந்து தெரியும்? அதத்தான் நீங்க யோசிக்கல.

உங்க ஆளுங்க ரெண்டு பேரு வந்த அன்னிக்கு நான் கோயில்லதான் இருந்தேன். சின்னப் பிள்ளைங்க, மரியாதையாத்தான் பேசுனாங்க, தண்ணி குடுத்தேன். டேப்லட்ல போட்டோ எடுத்தாங்க, டேப்பு வச்சி ஒசரம் அளந்தாங்க, அப்புறம் பேனா மாதிரி பெருசா ஒரு கருவி, அத செவுத்துல வச்சி அழுத்துனா டக்குன்னு உள்ள ஒரு ஸ்பிரிங்கு அடிச்சி திரும்பி வருது, அதுல ஒரு நம்பர். பத்து எடத்துல அடிச்சாங்க. நான் கேட்டேன், "தம்பி, பூச்சு மேலயே அடிக்கிறீங்களே, உள்ள இருக்கிற கல்லு எப்படின்னு இது எப்படி சொல்லும்?"னு. அவரு சிரிச்சிட்டு, "ஆன்ட்டி, பூச்ச ஒடைக்க பெர்மிட் இல்ல"ன்னாரு. சரி, பெர்மிட் இல்ல, ஒத்துக்குறேன். ஆனா பாக்காத கல்லுக்கு மார்க்கு போட மட்டும் பெர்மிட் எங்கேருந்து வந்துச்சு? பரிட்ச பேப்பர பிரிக்காம கவர பாத்து மார்க்கு போட்டா எங்க ஸ்கூல்ல என்ன வேலைய விட்டே தூக்கியிருப்பாங்க.

அந்த கருவி கான்கிரீட்டுக்குன்னு சுவிஸ்காரர் ஷ்மித் செஞ்சது. சிமெண்டு பூச்சு மேல அடிச்சா சிமெண்டு பூச்சோட கெட்டித்தனம்தான் வரும், பூச்சு உள்ள செவுத்த விட்டு விலகி பொம்முனு நின்னா இன்னும் கம்மியா வரும். எங்க மதில்ல அப்படித்தான் பொம்மியிருக்கு. ஏன் பொம்முச்சுன்னா அது எங்க தப்பு, அத மறைக்க மாட்டேன். எண்பதுகள்ல கும்பாபிஷேகத்துக்காக கோயில் கமிட்டி பழைய சுண்ணாம்பு பூச்ச கொத்தி எடுத்துட்டு சிமெண்டு பூசுச்சு, பாக்க பளிச்சுனு இருக்கட்டும்னு. எங்கப்பா வேணாம்னு சண்டை போட்டு, கமிட்டிய விட்டே வெலகிட்டாரு. சுண்ணாம்பு மூச்சு விடும், தரையிலேருந்து ஏறுற ஈரம் அது வழியா வெளிய போயிடும். சிமெண்டு பூசினா ஈரம் உள்ளயே நிக்கும், உப்பு கல்லுக்குள்ளயே படிகமாவும், கல்லோட மொகம் மாவு மாவா கொட்டும். உங்க போட்டோவுல கீழ ரெண்டடிக்கு பூச்சு விட்டுப்போயி செவப்பா மாவு தெரியுதுல்ல, அதப் பாத்துதான் "கல்லோட தரம்: இல்ல"ன்னு போட்டிருக்கீங்க. அந்த ஒரு மார்க்கு மட்டும் பெருக்கல்ல வர்றது. மத்த ஆறும் முழுசா இருந்தாலும் இது விழுந்தா எல்லாம் விழுந்துடும். நாப்பது வருசம் முந்தி பூசின சிமெண்டுக்கு, அதுக்கும் பல வருசம் முந்தி கட்டின கொத்தனாரு ஃபெயில் ஆயிட்டாரு.

நோட்டீஸ படிச்ச ஞாயித்துக்கெழம நானும் என் தம்பி மகனும் கோயில் தலைவர்கிட்ட சொல்லிட்டு மதிலோட உள்பக்கம், வாழக் கொல்லை ஓரமா, ஒரு மொழம் அகலம் ஒரு மொழம் ஒசரத்துக்கு பூச்ச மெல்ல தட்டி எடுத்தோம். ரொம்ப தட்ட வேண்டியதே இல்ல, உளிய வச்சதும் பாளமா கையோட வந்துடுச்சு. உள்ள பாத்தா எனக்கு பேச்சு வரல. நெஞ்சு ஒசரத்துல மாவு இல்ல ஒன்னுமில்ல, கல்லு முழுசா இருக்கு, நகத்தால கீறுனா கோடு விழல. ஒரு வரி நீளக்கல்லு, அடுத்த வரி முழுக்க குறுக்குக்கல்லு, திரும்ப நீளம், திரும்ப குறுக்கு. அந்த பக்கத்தயும் இந்த பக்கத்தயும் பல்லு கடிச்ச மாதிரி பிடிச்சி நிக்குது. உங்க அட்டவணையில அந்த கட்டத்துல என்ன எழுதியிருக்கு? "தெரியவில்லை, எனவே இல்லை." அப்படியேதான் எழுதியிருக்கு, கடைசி பக்கம், பொடி எழுத்துல. தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா? என் மாணவன் விடுபட்ட தரவுக்கு பூஜ்யம் போட்டா நான் செவப்பு பேனாவால சுழிச்சிருப்பேன்.

சாந்துல இன்னொன்னு பாத்தோம். சந்து கொஞ்சம் அகலமா வந்த எடத்துல எல்லாம் வெள்ளையா, வளைஞ்சு, ஒரு பக்கம் வழவழன்னு சில்லு சில்லா சொருகியிருக்கு. மொதல்ல சிப்பின்னு நெனச்சேன். என் தம்பி மகன் ஒன்ன நோண்டி எடுத்து கழுவுனான், பாத்தா மங்கு. ரப்பர் மரத்துல பால் புடிக்க கட்டுற பீங்கான் மங்கு, ஒடைஞ்சத வீசாம சாந்துக்கு நடுவுல அண்டக் குடுத்து மட்டம் புடிச்சிருக்காங்க. ஒரு சில்லுல காஞ்ச பாலு இன்னும் கருப்பா ஒட்டியிருந்துச்சு. தாத்தா காலத்துல பகல்ல கூலிக்கு புகைவீட்டு வேல, தோட்டத்து வேல முடிஞ்சப்புறம் சாயங்காலம் கோயில் வேல, கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் காசு இல்ல, கெடச்சத போட்டு கட்டினாங்கன்னு அப்பா சொல்வாரு. புகைவீட்டு செவுத்துல கதவு ஓரமா தானா பூச்சு விட்ட எடத்துலயும் அதே மங்கு சில்லுதான் இருக்கு, நாங்க அத தொடல, போட்டோ மட்டும் எடுத்தோம். உங்க ஃபாரத்துல இதுக்கு ஒரு கட்டம் இல்ல. இருந்தா "சாந்தில் அந்நியப் பொருள்"னு போட்டு இன்னும் ஒரு மார்க்கு கொறைச்சிருப்பீங்க.

இப்ப கணக்குக்கு வர்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. நீங்க மார்க்கு மட்டும் போட்டு நிறுத்தல. மார்க்கோட, அந்த கருவி நம்பர், செங்கல் நீளம், செவுத்து பருமன் எல்லாத்தயும் ஒன்னா கம்ப்யூட்டர்ல போட்டு, ஒன்னுக்கொன்னு கிட்ட இருக்கிறத ஒரு கூட்டமா சேர்க்கிற முறையில மூணு கூட்டமா பிரிச்சிருக்கீங்க. கிட்டன்னா எப்படி அளக்குறது? ஒவ்வொரு அளவுலயும் வித்தியாசத்த வர்க்கம் பண்ணி கூட்டுறது. நீங்க செங்கல் நீளத்த மில்லிமீட்டர்ல போட்டிருக்கீங்க, சாந்து மார்க்கு 0, 1, 2. ஒரு செவுத்துல கல்லு 215 மில்லி, இன்னொன்னுல 235ன்னா வித்தியாசம் 20, வர்க்கம் 400. சாந்துல ஒன்னு படுமோசம், இன்னொன்னு ரொம்ப நல்லதுன்னாலும் வித்தியாசம் 2, வர்க்கம் 4. நானூறுக்கு முன்னாடி நாலு என்ன செய்யும்? அப்ப நீங்க பிரிச்சது நல்ல செவுரு கெட்ட செவுருன்னு இல்ல, நீளக் கல்லு குட்டக் கல்லுன்னு. கடைத்தெரு கல்லு ஒரு சூளை, தோட்டத்து கல்லு இன்னொரு சூளை, அதான் வித்தியாசம். எல்லா அளவையும் மொதல்ல ஒரே தராசுக்கு கொண்டு வரணும், இது மொத வருச பாடம். கல்கத்தாவுல மஹாலனோபிஸ் 1936-லயே ஒரு தூரத்த எழுதி வச்சாரு, அளவோட அலகு எதுவா இருந்தாலும் பாதிக்காத மாதிரி, ஒன்னோட ஒன்னு சேர்ந்து ஏறி எறங்குற அளவுகள ரெண்டு தடவ எண்ணாத மாதிரி. அது இன்னிக்கு புள்ளியியல் சாஃப்ட்வேர் பலதுலயும் இருக்கு.

உங்க பொடி எழுத்து அட்டவணைய அப்படியே லேப்டாப்ல அடிச்சி, தராச சரி பண்ணி, நானே திரும்ப ஓட்டிப் பாத்தேன். புகைவீடு சியிலேருந்து பிக்கு போயிடுச்சு, கடைத்தெரு வரிசையோட. கோயில் மதில் சியிலயே நின்னுச்சு, அதையும் மறைக்காம சொல்றேன், ஏன்னா உள்ள போட்ட மார்க்கே தப்பா இருக்கும்போது கணக்க சரி பண்ணி என்ன பிரயோஜனம். இன்னொன்னு, இந்த முறை தொடக்கத்த குருட்டாம்போக்குல எடுக்கும், அதனால ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் எல்லையில நிக்கிற ஒன்னு ரெண்டு செவுரு இந்த கூட்டத்துக்கும் அந்த கூட்டத்துக்கும் தாவும். நீங்க எத்தன தடவ ஓட்டுனீங்கன்னு அறிக்கையில இல்ல. மூணு கூட்டம் எதுக்கு, ரெண்டா இருந்தா என்ன, நாலா இருந்தா என்னன்னும் இல்ல. மூணா பிரின்னு சொன்னா அது மூணாத்தான் பிரிக்கும், கோழி முட்டைய குடுத்தாலும் மூணா பிரிக்கும். ஒரு செவுரு அதோட கூட்டத்துல எவ்வளவு ஒட்டி நிக்குதுன்னு சொல்ல மைனஸ் ஒன்னுலேர்ந்து பிளஸ் ஒன்னு வரைக்கும் ஒரு அளவு இருக்கு, பெல்ஜியத்து புள்ளியியல்காரர் ரூசேவ் 1987-ல குடுத்தது. அத போட்டு காட்டியிருந்தா எங்க மதில் எவ்வளவு எல்லையில நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.

தோட்டத்து வேலைக்கு போனவங்க பிள்ளைங்கள விட்டுட்டு போன பழைய ஆயாக் கொட்டகை, அதோட செவுரு கதை இன்னும் மோசம். அது எந்த கூட்டத்துலயும் சேராம தனியா நின்னதால "விலகல்"னு சொல்லி ஆய்விலேருந்தே எடுத்துட்டீங்க, அப்புறம் பட்டியல்ல இல்லாததால பாதுகாப்பும் இல்ல. அறிக்கை முன்னுரையில நீங்களே 2005 தேசிய மரபுடைமைச் சட்டத்த காட்டியிருக்கீங்க. அதுல 67-வது பிரிவுல என்னென்ன பாக்கணும்னு இருக்கு, வரலாற்று முக்கியத்துவம், சமுதாயத் தொடர்பு, அபூர்வமா இருக்கிறது. அபூர்வம்னா கூட்டத்துல சேராததுதானே? சட்டம் எத தேடிப் பிடிச்சி வைக்கச் சொல்லுதோ அதையே உங்க கணக்கு குப்பைன்னு தள்ளியிருக்கு.

அதோட அந்த ஏபிசி எதுக்கு செஞ்சதுன்னும் பாருங்க. மேலேருந்து வர்ற பாரம், பக்கவாட்டுல தள்ளுற ஆட்டம், இதுக்கு செவுரு எப்படி நிக்கும்னு சொல்லத்தான். இத்தாலியில 2009-ல லாக்குவிலாவுலயும் 2016-ல அமாத்ரிச்சேயிலயும் நிலநடுக்கத்துல செத்தாங்களே, அந்த மாதிரி ஊருக்கு அது உயிர் காக்கிற கணக்கு. சி வந்தா, இத பலப்படுத்து, குறுக்கு கம்பி போடு, சாந்து ஏத்துன்னு அர்த்தம். இடின்னு அர்த்தம் இல்ல, பழமைக்கு மதிப்பு இல்லன்னும் அர்த்தம் இல்ல. எங்க செவுத்துக்கு எதிரி தண்ணி. மழத்தண்ணி, அடைச்சிப் போன லோங்காங் (சாக்கடை), செவுத்து மேல மொளைச்ச அரசங்கன்னு. லோங்காங் உங்க பொறுப்பு, மூணு தடவ மனு குடுத்திருக்கோம்.

தோட்டம் துண்டாடினப்ப தொழிலாளிங்க குடியிருந்த லயம் போச்சு, பள்ளிக்கூடம் எடம் மாறுச்சு, எங்க ஆளுங்க கையெழுத்து போட்டதுன்னு ஒரு காகிதம் எங்கயும் இல்ல. பத்து காஜாவுக்கு பக்கத்துல கெல்லி கோட்டைய பாக்க டிக்கெட்டு எடுத்துட்டு போறோம், அத கட்ட வச்ச தோட்டத் தொர கெல்லி ஸ்மித்து 1926-ல லிஸ்பன்ல செத்தாருங்கிறது வரைக்கும் எழுதி வச்சிருக்கு, அத கட்டின தமிழ் ஆளுங்க பேரு ஒன்னு கூட எனக்கு தெரியாது. எங்க தாத்தா கையெழுத்து அந்த மங்கு சில்லுதான். 2013-ல கெடாவுல லெம்பா பூஜாங்ல 11-ஆம் நம்பர் சண்டிய, அதாவது பழங்காலக் கோயில் சிதைவ, தரைமட்டம் ஆக்கினப்புறம்தான் நாடே கூச்சல் போட்டுச்சு, நம்பர் போட்டு வச்சிருந்த எடத்துக்கே அந்த கதி. எங்க புகைவீட்டுக்கு நம்பர் கூட கிடையாது.

நான் கேக்கிறது இதுதான். இடிக்கிற டெண்டர இன்னிக்கே நிறுத்தி வைங்க, நிறுத்திட்டோம்னு எழுத்துல குடுங்க, வாய் வார்த்த வேணாம். ஒவ்வொரு சி செவுத்துலயும் ஆயாக் கொட்டகையிலயும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பூச்ச எடுத்து பாருங்க, உங்க அடிப்படை முறையே அப்படித்தான் கேக்குது, பெர்மிட்ட நீங்கதான் உங்களுக்கே குடுத்துக்கணும். பாக்கும்போது கொத்து வேல தெரிஞ்ச ஒருத்தர கூட வச்சிக்கோங்க, இந்த டவுன்ல இன்னும் ரெண்டு பெரியவங்க இருக்காங்க, ஒருத்தருக்கு கண்ணு தெரியாது, ஆனா கைய வச்சி சொல்லுவாரு. தெரியாத கட்டத்துக்கு தெரியலன்னே எழுதுங்க, இல்லன்னு எழுதாதீங்க. தரவ முழுசா, போட்டோவா இல்லாம எண்ணா, ஊர்க்காரங்களுக்கு குடுங்க. தராச சரி பண்ணி, ரெண்டு கூட்டம் மூணு கூட்டம் நாலு கூட்டம்னு பல தடவ ஓட்டி, எந்த செவுரு நிலையா நிக்குது எது தாவுதுன்னு காட்டுங்க, தாவுறது எதையும் இடிக்கிற பட்டியல்ல வைக்காதீங்க. ஆயாக் கொட்டகைய திரும்ப பட்டியல்ல சேருங்க. பலத்துக்கு ஒரு பட்டியல், மரபு மதிப்புக்கு ஒரு பட்டியல், ரெண்டையும் தனித்தனியா போடுங்க. மதில் மேல இருக்கிற சிமெண்ட எடுத்துட்டு சுண்ணாம்பு பூச கோயில் கமிட்டிக்கு அனுமதி குடுங்க, காசு நாங்க வசூல் பண்ணிக்கிறோம். லோங்காங்க மட்டும் நீங்க சுத்தம் பண்ணுங்க.

பூச்சு எடுத்த எடத்த தார்பாய் போட்டு மூடி வச்சிருக்கோம். வெள்ளிக்கிழம ராத்திரி பூசைக்கு அப்புறம் நான் கோயில் மண்டபத்துலதான் இருப்பேன், வந்து பாக்கிறதுன்னா பகல்ல வாங்க, வெளிச்சத்துல பாக்கணும். ஆட்சேபத்துக்கு நீங்க குடுத்த முப்பது நாள்ல இன்னும் பதினோரு நாள் இருக்கு, அதுக்குள்ள பதில் வேணும்.

இப்படிக்கு,
கொத்தனார் மகள், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை